காலி மேடையில் பூஜ்யம் சரியாகத்தான் காட்டும்

ரிப்பேர் சீட்டின் அடியில் 'சோதித்தாயிற்று, சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? போன வாரம் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். ஒருவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதினார். இன்னொருவர் மிஷினை ஆன் செய்வதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓய்வு பெற்றவன், விருந்தாளியாக வந்தவன், எதற்கு வம்பு என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அன்றே கத்தித் தீர்த்திருக்கலாம். தீர்க்காததால் இப்போது இதை உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் அப்படி எழுதியவன்தான். நான் எழுதிய அந்த ஒரு வரியைக் காட்டி ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லி வேலையிலிருந்து துரத்தினார்கள். அவர் பெயர் கஜேந்திரன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருந்தார். எர்ணாவூரில் ஒரு பழைய இரும்பு யார்டில் எடை மேடை பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு விற்க வரும் லோடு லாரி மேடையில் ஏறும், கம்ப்யூட்டர் எடை காட்டும், இவர் பட்டனைத் தட்டிச் சீட்டு எடுத்துக் கொடுப்பார். வேலை அவ்வளவுதான். நாணயமான ஆள்தான் அந்த வேலையில் உட்கார முடியும்.

நான் அப்போது கல்மண்டபத்தில் ஒரு சர்வீஸ் கடையில் இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. டிவி, டேப் ரெக்கார்டர், யுபிஎஸ், கம்ப்யூட்டர் என்று எது வந்தாலும் பிரித்துப் பார்ப்போம். என் முதலாளி கைதேர்ந்த மெக்கானிக். சால்டரிங் அயர்னைப் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். 'நம்ம பெஞ்சுல ஓடுச்சின்னா நம்ம வேலை முடிஞ்சிச்சி' என்றும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதலாவதை வைத்துப் பிழைத்தேன். இரண்டாவதை மறக்கப் பாதி ஆயுள் ஆனது.

எர்ணாவூர் யார்டின் உரிமையாளர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எடை மேடையில் அவர் வைத்திருந்தது இன்றைக்கு நீங்கள் பார்த்தால் சிரிக்கும் சாமான். கீபோர்டுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடங்கிய, டிவியில் மாட்டி விளையாடும் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். கப்பலில் வேலை பார்த்த சொந்தக்காரர் யாரோ அண்ணாச்சியின் மகனுக்குச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. மகன் வளர்ந்து காலேஜுக்குப் போனதும் அது பரணில் ஏறியது. அண்ணாச்சி எதையும் தூக்கிப் போட மாட்டார். யாரையோ பிடித்து, மேடைக்கு அடியில் இருக்கும் சென்சாரிலிருந்து எடையை வாங்கும் ஒரு கார்டைப் பின்னால் மாட்டி, எர்ணாவூருக்குக் கொண்டுபோய்விட்டார். சொன்னால் நம்புங்கள், அது பல வருஷம் ஒழுங்காக ஓடியது.

பிறகு அண்ணாச்சிக்கு ஆசை வந்தது. எடையெல்லாம் பிளாப்பியில் பதிவாக வேண்டும், சீட்டு அச்சாகி வர வேண்டும். அந்த வேலையை எங்களிடம் கொடுத்தார். செய்தவன் நான். கூடுதல் மெமரி போர்டு மாட்டினேன், பிளாப்பி டிரைவ் மாட்டினேன், பிரிண்டருக்கு ஓர் இணைப்பு கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் கரண்ட் எங்கிருந்து எடுத்தேன்? அந்தக் கம்ப்யூட்டரோடு வந்த பழைய பவர் சப்ளை பெட்டியிலிருந்தேதான். செங்கல் மாதிரி கனமாக, பிரிக்க முடியாதபடி ஒட்டி மூடிய பெட்டி. அதன் முதுகில் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருந்தது. நான் சேர்த்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். விளிம்பில் வந்து நின்றது. 'தாங்கும், தாங்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு சப்ளை தேடி சைதாப்பேட்டை வரைக்கும் யார் அலைவது?

அந்தக் கார்டு எடையை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள். இது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். லாரி ஏறியதும் சென்சார் கொஞ்சம் வோல்டேஜ் அனுப்பும். சென்சாருக்குத் தனி சப்ளை இருந்தது, அதில் குறையில்லை. கார்டு அந்த வோல்டேஜைக் கம்ப்யூட்டரின் ஐந்து வோல்ட்டோடு ஒப்பிட்டு எடை சொல்லும். மளிகைக் கடையில் படிக்கல் எப்படியோ, அதற்கு அந்த ஐந்து வோல்ட் அப்படி. படிக்கல் இளைத்துப்போனால் சரக்கு கனமாகத் தெரியுமா இல்லையா? அதேதான். ஐந்து வோல்ட் நன்றாக விழுந்தால் கம்ப்யூட்டர் செத்துப்போகும், ஸ்கிரீன் உறைந்துவிடும், யாருக்கும் தெரிந்துவிடும். கொஞ்சமாக இறங்கினால் சாகாது, நிமிர்ந்து உட்கார்ந்து பொய் சொல்லும்.

நான் வேலையை முடித்துக் கொடுத்து இரண்டு மூன்று மாதம் இருக்கும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஆட்டோவில் அந்தக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு கஜேந்திரன் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை. யார்டில் இரும்பு குறைகிறது என்று அண்ணாச்சி சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். சீட்டில் வந்த எடைக்குக் கிடங்கில் சரக்கு இல்லை. காலை ஷிப்ட் ஆள் எடுத்த சீட்டெல்லாம் சரியாக இருந்தது. மத்தியான ஷிப்டில்தான் குறைந்தது. மத்தியான ஷிப்ட் கஜேந்திரனுடையது. லாரிக்காரர்களோடு சேர்ந்துகொண்டு எடையைக் கூட்டிப் போடுகிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மிஷினை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று இவர்தான் கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், ஒரு தபா மத்தியானம் மூணு மணிக்கு மேல நீயே வந்து பாரு சார்," என்றார். "வண்டி ஆடாம அசையாம நிக்கும். இந்த டப்பால சேப்பு லைட்டு எரியும் பாரு, அப்போ நம்பரு எகிறிகினே போவும். லைட்டு அணைஞ்சா எறங்கிடும். ஆனா அதுக்குள்ள சீட்டு அடிச்சிடுது. காலைல இன்னா பண்ணாலும் வராது. நா பொய் சொல்லல சார்."

"கையால திருத்தி எழுத வேண்டியதுதானே?"

"திருத்துனா அது வேற கேஸ் ஆயிடும் சார். கம்ப்யூட்டரு சொல்றதுதான் எடைன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு."

சிவப்பு விளக்கு என்று அவர் சொன்னது பிளாப்பி டிரைவின் விளக்கு. அதாவது டிரைவ் சுற்றும்போது எடை ஏறுகிறது, மத்தியானத்தில் மட்டும் ஏறுகிறது. மீட்டர் கையில் பிடிக்கத் தெரியாத ஒரு மனிதர் நோயைப் பெயர் மட்டும் சொல்லாமல் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "மிஷினுக்குக் காலையும் மத்தியானமும் தெரியுமாய்யா? அதுக்கு இன்னா, சாப்பாட்டு டைமா?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்த என் முதலாளியும் சிரித்தார். கஜேந்திரன் சிரிக்கவில்லை. அன்று அவரை வா போ என்றுதான் பேசினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சோதித்தேனா என்றால் சோதித்தேன். எங்கள் கடையில், காலை நேரத்தில், கடை முழுவதற்கும் போட்டிருந்த பெரிய ஸ்டெபிலைசரில் செருகி. பவர் சப்ளை பெட்டியைத் தனியாகக் கழற்றி, அதன் முனையில் மீட்டர் வைத்தேன். ஐந்து வோல்ட், அட்சர சுத்தம். சுமையே இல்லாமல் அளந்தால் எந்தப் பெட்டியும் ஐந்து காட்டும். பிறகு கம்ப்யூட்டரில் மாட்டி ஆன் செய்தேன். சென்சார் இல்லாமல் எடை பூஜ்யம் என்று காட்டியது. பூஜ்யத்தை எப்படிப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? படிக்கல் இளைத்திருந்தாலும் காலித் தட்டில் ஒன்றும் தெரியாது. பத்து டன் ஏற்றினால்தான் அது பத்தே கால் டன் ஆகும். பிளாப்பி டிரைவையும் பிரிண்டரையும் அவர் கொண்டுவரவில்லை. கொண்டுவாருங்கள் என்று நானும் கேட்கவில்லை. புகார் எடையில், டிரைவ் எதற்கு?

சீட்டு எழுதினேன். 'சோதித்தாயிற்று, சரியாக உள்ளது.' கையெழுத்து, கடை முத்திரை. கஜேந்திரன் சீட்டை வாங்கவில்லை. "மத்தியானம் ஒரு தபா..." என்று மறுபடி ஆரம்பித்தார். "யோவ், எர்ணாவூர் வரிக்கும் யாருய்யா வர்றது, வேலை இல்ல எங்களுக்கு?" என்று என் முதலாளி குரலை உயர்த்தினார். கஜேந்திரன் கம்ப்யூட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். சீட்டை நான்தான் ஆட்டோவுக்குள் நீட்டினேன். சாயங்காலம் அண்ணாச்சி போன் செய்தார். "மிஷின்ல கோளாறு உண்டாவே?" என்று கேட்டார். "சுத்தமா இருக்கு அண்ணாச்சி," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மறுவாரம் அண்ணாச்சியின் கணக்குப்பிள்ளை எதற்கோ கடைக்கு வந்தபோது, கஜேந்திரனை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "பார்த்தா அப்படித் தெரியலையே" என்றேன். அதோடு சரி, பரோட்டா சாப்பிடப் போய்விட்டேன். எனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை. என் கையெழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை! இன்று நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருக்கிறது.

நாலு மாதம் போனது. அண்ணாச்சியிடமிருந்து மறுபடி போன்.

"என்னவே, நீரு மிஷினப் பாத்த லட்சணம் இதுதானா? இப்பவும் சரக்கு கொறையுதே."

கஜேந்திரன் இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எங்க அக்கா மவன். ஊர்லேர்ந்து கூட்டியாந்திருக்கேன். அவன் களவாங்குற புள்ள இல்ல, கேட்டீரா? மிஷின்லதான் என்னமோ இருக்கு. மதியத்துக்கு மேலதான் தப்பா காட்டுதுன்னு சொல்லுதான். மதியமே வாரும், நான் வண்டி அனுப்புதேன்."

படித்தீர்களா? இன்னொரு தடவை படியுங்கள். அதே மேடை, அதே மத்தியானம், அதே குறை. கஜேந்திரன் சொன்னபோது ஆள் திருடன். அக்கா மகன் சொன்னபோது மிஷினில் கோளாறு. அண்ணாச்சியைச் சொல்லி என்ன, என் யோக்கியதை மட்டும் என்ன? கஜேந்திரன் கூப்பிட்டபோது எர்ணாவூர் எனக்கு அமெரிக்காவாகத் தெரிந்தது. அண்ணாச்சி கார் அனுப்பியதும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கஜேந்திரன் சொன்னதும் இதைத்தானே என்று அண்ணாச்சியிடம் கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

எடை மேடை அறை சின்னது. ஜன்னல் விளிம்பில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது. அக்கா மகன் நல்ல பையன், இருபத்தைந்து வயது இருக்கும், பயந்துபோயிருந்தான். "மாமா காலி மேடைல பலதடவ பாத்துட்டாக, பூஜ்யந்தான் காட்டுது," என்றான். நான் கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே போர்டின் மேலேயே, கார்டுக்குக் கரண்ட் போகிற இடத்தில் மீட்டர் முனைகளை வைத்துக் கட்டினேன். இரண்டு மணிக்கு ஒரு லாரி வந்தது. விளக்கு எரிந்தது, எடை அசையவில்லை. ஐந்து வோல்ட்டுக்குத் துளி குறைவு. மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மூன்று மணிக்குப் பக்கத்து மதிலுக்கு அந்தப் பக்கம் வெல்டிங் ஆரம்பித்தது. கன்டெய்னர் பழுது பார்க்கும் பட்டறை. காலையெல்லாம் நெளிவை அடித்து நிமிர்த்தி, ஒட்டுத் தகடு வெட்டி வைத்துக்கொள்வார்கள். மத்தியானத்துக்கு மேல் நாலைந்து மிஷினில் ஒரே நேரத்தில் பற்றவைப்பார்கள். அறையில் இருந்த டியூப்லைட் துடித்தது. மின்விசிறி இளைத்தது. அடுத்த லாரி மேடையில் ஏறியது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி பற்றவைத்தார். பையன் பட்டனைத் தட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்கிரீனில் நம்பர் எகிறிக்கொண்டே போனது. மீட்டரில் ஐந்து வோல்ட் இறங்கிக்கொண்டே வந்தது. விளக்கு அணைந்ததும் நம்பர் பழைய இடத்துக்கு வந்தது. அதற்குள் சீட்டு அடித்துவிட்டது.

கஜேந்திரன் சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் என் கண் முன்னால் நடந்தது. வெளியிலிருந்து வரும் கரண்ட் குறைகிற நேரத்தில், நான் சேர்த்த சாமான்களையும் சேர்த்து இழுக்க அந்தப் பழைய பெட்டிக்குத் தெம்பு இல்லை. நான் கை வைப்பதற்கு முன்னால் அது பல வருஷம் அதே பட்டறைக்குப் பக்கத்தில் ஒழுங்காக ஓடிய பெட்டி. சரி செய்ய எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? பிளாப்பி டிரைவுக்குத் தனியாக ஒரு சப்ளை, ஒரு சின்ன ஸ்டெபிலைசர். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தை நான் கொடுக்காததால் ஒரு குடும்பம் நாலு மாதம் சீரழிந்திருந்தது.

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சேர்த்த சாமான், நான் செய்த சோதனை, நான் எழுதிய பொய்ச் சீட்டு, ஒன்றையும் விடவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"அப்ப அந்தக் கஜேந்திரன் எடுக்கலையா?"

"எடுக்கல அண்ணாச்சி."

"சரி, அவன வரச் சொல்லும். வேல தாரேன்."

"நீங்க வந்து சொல்லணும் அண்ணாச்சி."

"எனக்கென்ன வேற சோலி இல்லையா? ஆளுட்டச் சொல்லி அனுப்புனாப் போதாதா?" கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு அவன் வீட்டு வாசல்ல நானும் ஒரு சத்தம் போட்டுட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக?"

கஜேந்திரன் வீட்டு வாசலில் அண்ணாச்சி போய்ச் சத்தம் போட்ட விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும்.

கடைக்குத் திரும்பி என் முதலாளியிடம் சொன்னேன். கஜேந்திரனுக்குக் கடை லெட்டர் பேப்பரில் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்றேன். அவர் எகிறிக் குதித்தார்.

"இன்னாய்யா, பைத்தியம் புட்ச்சிகிச்சா உனுக்கு? நாமதான் கெட்த்தோம்னு நம்ம பேப்பர்லயே எய்தி குடுப்பியா? நாளைக்கு ஒருத்தன் கடைக்கு வருவானா? லோ வோல்டேஜ்னு பில்லுல போட்டு வுட்டுட்டு வேற வேலய பாரு."

"லோ வோல்டேஜ் அந்த ஏரியாவுல எப்பவும் இருக்கு. நா கை வெச்சப்புறம்தான் எடை மாறுச்சி."

"யாருக்குத் தெரியும் அது?"

"எனக்குத் தெரியும்ல."

நான் அவரிடம் குரலை உயர்த்திப் பேசியது அது ஒரு தடவைதான். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை பெஞ்சில் விட்டெறிந்தேன். அது உருண்டு போய் ஒரு பிக்சர் டியூபில் இடித்தது, நல்லவேளை, உடையவில்லை. லெட்டர் பேப்பரை அவர் தரவில்லை. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் வியாசர்பாடிக்குப் போனேன்.

வீட்டில் கஜேந்திரனும் அவர் மனைவி செல்வியும் இருந்தார்கள். சுவரில் புத்தர் படம் போட்ட காலண்டர். அவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். மத்தியானம் போய்ப் பார்த்ததை, சிவப்பு விளக்கை, நம்பர் எகிறியதை, எல்லாவற்றையும். பாதியிலேயே அவர் திரும்பிச் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"நா சொன்னேன்ல?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மன்னிப்புக் கேட்டேன். அண்ணாச்சி வேலை தருகிறார் என்றும் சொன்னேன். அப்போது செல்வி பேசினாள்.

"வேலையா? ராயபுரம் குடோன்ல மூட்டை தூக்கிகினு கீறாரு. இஸ்திரி சட்டை போட்டுகினு குந்தி வேலை பாத்த மனுசன். அத்த வுடு. அன்னிக்கு இன்னா நடந்துச்சி தெரியுமா உனுக்கு? காலைல தண்ணி லாரி வந்துகினு கீது, அல்லாரும் கொடத்தோட லைன்ல நிக்கறோம். உங்க அண்ணாச்சி ரெண்டு ஆளோட வந்தாரு. உன் சீட்டைக் கைல புட்ச்சிகினு ஆட்டிகினே கத்துனாரு. மிஷின்ல தப்பு இல்லன்னு மெக்கானிக்கே எய்தி குடுத்துட்டான், இவன்தான் திருடன்னு. வூட்டுக்குள்ள பூந்து பீரோவைத் தொறந்து பாத்தானுங்க. இந்த பிளாக்கு மோட்டார் ரூம் சாவி பத்து வருசமா இவர்கிட்டதான் இருந்திச்சி. மறுநா சாயங்காலம் சங்கத்துலேர்ந்து வந்து வாங்கினு பூட்டாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல. சாவியக் குடுன்னு மட்டும் கேட்டாங்க."

நான் அந்தத் தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இத்த நா இன்னா பண்றது? பிரேம் போட்டு மாட்டிக்கவா? நாளைக்குக் காலைல தண்ணி லாரி வரும். அங்க வந்து நீயே படி."

கஜேந்திரன் திரும்பினார். "வேணாம் செல்வி," என்றார்.

"உனுக்கு வேணாம்னா நீ வூட்ல இரு. எனுக்கு வேணும்."

போனேன். உங்களில் யாராவது இதைப் பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். போகாமல் இருக்க என்னென்ன காரணம் கிடைக்கும் என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தவன் நான். காய்ச்சல் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் என் கையெழுத்துச் சீட்டு அந்த இடத்தில் எல்லோர் முன்னாலும் ஆடியிருக்கிறது. நான் வீட்டில் படுத்துக்கொண்டால் அது அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும்.

ஆறரை மணிக்கு லாரி வந்தது. பச்சை, மஞ்சள், நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் பிளாக்கின் மூலை வரைக்கும் வரிசையில் நின்றன. கஜேந்திரன் அங்கே இல்லை. நான் வருவது தெரிந்து அஞ்சு மணிக்கே குடோனுக்குக் கிளம்பிப் போய்விட்டார். செல்வி தன் குடத்தோடு லைனில் நின்றாள். பேன்ட் சட்டையோடு ஒரு ஆள் பேப்பரும் கையுமாக நிற்பதைப் பார்த்து, "யாருமா இவரு, கார்ப்பரேசனா? நாளைக்குத் தண்ணி வராதாமா?" என்று ஒரு பெண் கேட்டாள். "கஜா மேட்டராம்," என்று இன்னொருத்தி சொன்னாள். பேச்சு கொஞ்சம் அடங்கியது.

படித்தேன். கஜேந்திரன் எதையும் திருடவில்லை. எடை கூடுதலாகக் காட்டியது கம்ப்யூட்டர். அதில் புதுச் சாமான்களைச் சேர்த்து, அதற்கு வேண்டிய கரண்ட் கொடுக்காமல் விட்டது நான். மத்தியானம் வந்து பாருங்கள் என்று அவர் சொன்னார், நான் போகவில்லை. போகாமலே மிஷின் சரியாக இருக்கிறது என்று பொய்யாக எழுதிக் கொடுத்தேன். இவ்வளவுதான் அந்தத் தாளில் இருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

படித்து முடித்துத் தாளை மடித்தேன். செல்வி குடத்தைக் கீழே வைத்தாள்.

"மின்னாடி நிக்கறவங்களுக்குத்தான் கேட்டுச்சி," என்றாள். "பின்னாடி கீறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தபா படி. சத்தமா."

வரிசையின் நடுவில் போய் நின்று மறுபடி படித்தேன். இந்தத் தடவை லாரிக்காரர் குழாயை மூடிவிட்டார். முடித்ததும் இரண்டாவது மாடி வராந்தாவிலிருந்து லுங்கி கட்டிய ஓர் ஆள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சொன்னே? கஜா எடுக்கலையா?"

"எடுக்கலைங்க."

"அப்போ அன்னிக்கு வந்து கத்துனாரே, அவரு எங்கே?"

"அவரு வரலைங்க," என்றேன். யாரும் எனக்கு உதவிக்கு வரவில்லை, வரவும் வேண்டியதில்லை.

"சரி, மேல வரைக்கும் கேக்கல," என்றார் அவர். "மறுபடி சொல்லு. அல்லாரையும் வெளிய வரச் சொல்றேன்."

ஒவ்வொரு மாடி வராந்தாவிலும் ஆட்கள் வந்து நிற்கும் வரைக்கும் காத்திருந்தேன். மூன்றாவது முறை சொல்லும்போது எனக்குத் தாள் தேவைப்படவில்லை.